சண்டை ஆளோடா, வேலையோடா?

விற்பனைப் பிரிவுக்கும், சரக்கை ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்சுக்கும் ஆகாது. நான் அந்த நிறுவனத்தில் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பழைய கதை சொன்னார்கள். விற்பனையில் இருந்த மூத்த அதிகாரியும் டிஸ்பாட்ச் பொறுப்பாளரும் நேருக்கு நேர் பேசுவதையே விட்டிருந்தார்கள். ஒருவரிடம் இன்னொருவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் நடுவில் ஒரு ஜூனியர் பையன் நடப்பான். பிறகு இரண்டு பிரிவுகளையும் ஒருங்கிணைக்கும் வேலை என்னிடம் வந்தது. அங்கே கற்றதையும், அதற்குப் பின் வேறு இடங்களில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். விற்பனை அதிகாரி சொன்னார்: "அவருக்கு வேலை செய்யவே மனசு இல்லை சார். ஆர்டர் கொண்டு போனா முகத்தைத் தூக்கி வச்சுக்குவார்." டிஸ்பாட்ச் பொறுப்பாளர் சொன்னார்: "எங்களை மனுஷனாவே மதிக்கறதில்லை சார் அவர். வாயில வந்ததைச் சொல்லிட்டுப் போயிடுவார், அப்புறம் நாங்க ஓடணும்."

இரண்டுமே குணச் சான்றிதழ்கள். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சோம்பேறி என்று முத்திரை குத்தப்பட்டவரை என்ன செய்வீர்கள்? புத்தி சொல்லலாம், அல்லது ஆளை மாற்றலாம். பெரும்பாலான மேனேஜர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். இன்னும் சிலர், "ரெண்டு பேரும் கை கொடுத்துக்கோங்க, இனிமே இப்படி இருக்கக் கூடாது" என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பிவிடுவார்கள். மேனேஜர் முன்னால் கை கொடுத்துக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இல்லை. அறைக் கதவு சாத்தியதும் பழையபடி ஆரம்பிக்கும்.

குணச் சான்றிதழ் வந்தவுடன் நான் கேட்பது இதுதான்: "கடைசியா எப்போ நடந்தது? அன்னிக்கு என்ன ஆச்சுன்னு மணி வாரியாச் சொல்லுங்க." கோபத்தில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. "ஒரு நாளா ரெண்டு நாளா சார், எப்பவுமே இப்படித்தான்" என்பார். விடக் கூடாது. "எப்பவுமேன்னா சரி, கடைசி ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்று நின்றால் கதை வெளியே வரும்.

வந்தது இதுதான். மாலை ஐந்தரைக்கு ஒரு ஆர்டர். வாடிக்கையாளர் போனில் இருக்கிறார், "நாளைக்குக் கிடைச்சிடுமா" என்கிறார். விற்பனை அதிகாரி "கிடைச்சிடும்" என்கிறார். வண்டி ஆறு மணிக்குக் கிளம்பும் என்பது அவருக்குத் தெரியும். அரை மணி நேரம் இருக்கிறதே என்பது அவர் கணக்கு. ஆனால் ஏற்ற வேண்டிய சரக்கின் பட்டியலை டிஸ்பாட்ச் நான்கு மணிக்கே மூடிவிடும். எந்த ஊர்ச் சரக்கு கடைசியில் இறங்க வேண்டுமோ அதைத்தான் முதலில் உள்ளே அடுக்குவார்கள். ஐந்தரைக்கு ஒரு பெட்டியைச் சேர்க்க வேண்டும் என்றால் அடுக்கிய சரக்கில் பாதியை மறுபடி இறக்க வேண்டும். அந்த அவசரத்தில்தான் பெட்டிகள் மாறிப் போயின. மாறிப் போன பெட்டிக்கு யார் கையெழுத்துப் போட்டாரோ அவர் பெயர்தான் மாதாந்திர அறிக்கையில் வரும்.

இன்னொரு பக்கம், விற்பனை அதிகாரியின் ஊக்கத்தொகை பில் ஆன தேதியை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஆர்டர் ஒரு நாள் தள்ளினால் சில நேரம் மாதமே தள்ளிப் போகும். ஆக, நிறுவனம் ஒருவரை "வேகமாகத் தள்ளு" என்று சொல்லிச் சம்பளம் கொடுத்தது, இன்னொருவரை "தப்பு வராமல் பார்த்துக்கொள்" என்று சொல்லிச் சம்பளம் கொடுத்தது. இருவரும் சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான். அந்த நான்கு மணிக் கெடு எங்கேயாவது எழுதியிருந்ததா என்று தேடினேன். எங்கேயும் இல்லை. டிஸ்பாட்சில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அதனால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று யோசிக்கும்போது, அவர் இருந்த நெருக்கடியைக் குறைத்து எடைபோட்டு, எல்லாவற்றையும் அவர் குணத்தின் தலையில் கட்டுவது மனித சுபாவம். லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை 1977-இல் 'அடிப்படைக் காரணப் பிழை' என்று எழுதினார். மெயிலுக்கு நான் பதில் போடவில்லை என்றால் வேலை மும்முரம், அவர் போடவில்லை என்றால் திமிர். அலுவலகத்தில் "ஈகோ பிரச்சினை" என்று சொல்லி முடித்துவிடும் பல விஷயங்களை நோண்டிப் பார்த்திருக்கிறேன். அடியில் எழுதப்படாத ஒரு கெடுவோ, யார் முடிவெடுப்பது என்று தெளிவில்லாத ஒரு வேலையோ, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு இலக்குகளோ கிடக்கும். ஈகோவும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, காரணம் தெரிந்தது. தீர்வு? எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்: நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் ஐந்து மணி. நியாயமாகத்தான் தெரிகிறது. நடைமுறையில் இரண்டு பக்கமும் கெட்டது. ஐந்தரைக்கு வரும் ஆர்டர் ஐந்தரைக்கேதான் வந்தது. நாலேமுக்காலுக்கு வந்த ஆர்டருக்கு டிஸ்பாட்ச் அடுக்கியதை இறக்க வேண்டியிருந்தது. இருவருக்கும் 'நான் விட்டுக்கொடுத்தேன், அவன் கொடுக்கவில்லை' என்ற எண்ணம் மட்டும் மிஞ்சியது.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1925-இல் நிகழ்த்திய ஓர் உரையில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கருத்து மோதலுக்கு மூன்று முடிவுகள் உண்டு என்றார்: ஒருவர் இன்னொருவரை அடக்குவது, இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் இழப்பது, இருவரின் உண்மையான தேவையும் நிறைவேறும் வேறொரு வழியைக் கண்டுபிடிப்பது. அவர் சொன்ன உதாரணம் ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சிறிய அறை. ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். கடைசியில் யாரும் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. அந்த ஜன்னல்தான் என்று இல்லை. ஃபாலெட்டுக்கு வேண்டியதும் மூடிய அறை இல்லை. வடக்குக் காற்று நேராக மேலே அடிக்காமல் இருந்தால் போதும். பாதி ஜன்னல் திறந்திருந்தால் இருவருக்குமே சங்கடம்.

நான் விற்பனை அதிகாரியிடம் கேட்டது இதையொட்டித்தான்: "அன்னிக்கே போகணுமா, இல்லை எப்போ போகும்னு உறுதியாத் தெரியணுமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "போனை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தேதி சொல்லணும் சார். அந்தத் தேதி மாறக் கூடாது. நான் பொய்யன் ஆகக் கூடாது, அவ்வளவுதான்." டிஸ்பாட்ச் பொறுப்பாளருக்கோ, ஏற்ற ஆரம்பித்த பிறகு பட்டியல் மாறக் கூடாது. இந்த இரண்டும் மோதவே இல்லை!

பொதுவில் ஒரு ஷீட் போட்டோம். மறுநாள் வண்டியில் எவ்வளவு இடம் மீதி என்பது விற்பனைப் பிரிவுக்கும் தெரியும். நான்கு மணிக்கு மேல் வரும் ஆர்டருக்கு மறுநாள் வண்டியில் இடம் உறுதி, அந்தத் தேதியை வாடிக்கையாளரிடம் அப்போதே சொல்லிவிடலாம். உயிர் போகிற அவசரம் என்றால் விற்பனை அதிகாரி நேராக டிஸ்பாட்ச் பொறுப்பாளருக்குப் போன் செய்ய வேண்டும்; முடியும், முடியாது என்று சொல்வது அவர் உரிமை, மேல்முறையீடு கிடையாது. ஊக்கத்தொகைக் கணக்கில் பில் தேதிக்குப் பதில் ஆர்டர் உறுதியான தேதியை எடுத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கணக்குப் பிரிவைச் சம்மதிக்க வைக்க நிறைய நடக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் மற்ற எல்லாமே மாதக் கடைசியில் உடைந்திருக்கும்.

இதையெல்லாம் நானே முடிவுசெய்து அறிவித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன், ஏனென்றால் நாளைக்கு அதை நடத்தப் போவது அவர்கள். உட்கார வைப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு.

மேனேஜர் அறை வேண்டாம். அங்கே போனாலே விசாரணை மாதிரி ஆகிவிடும். எதிரும் புதிருமாக உட்கார வைக்காமல், இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கும்படி வைப்பேன். திரையில் அந்த ஒரே ஒரு நாளின் நேரப் பட்டியல் மட்டும். பழைய கதைகள் வந்தால், "அதுக்கும் வருவோம், முதல்ல இது முடியட்டும்." பெரும்பாலும் அதற்கு வர வேண்டிய தேவையே இருக்காது.

அப்புறம் ஒரு விதி: பதில் சொல்வதற்கு முன் எதிராளி சொன்னதை அவருக்குத் திருப்திவரும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்கச் சுலபம். அன்று நடந்ததை அப்படியே தருகிறேன்.

"அவர் சொல்றது என்னன்னா, நாங்க லேட்டா கொடுக்கறோம்."

"நான் அதைச் சொல்லலை. லேட்டாக் கொடுங்க, பரவாயில்லை. அடுக்கினதை இறக்கச் சொல்லாதீங்கன்னேன்."

"அதைத்தானே சொன்னேன்."

"இல்லை சார், அவர் சொன்னது வேற. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன் நான்.

"…சரி. லேட் ஆர்டர் பிரச்சினை இல்லை. ஏத்தினதைக் கலைக்கறதுதான் பிரச்சினை."

"ஆமா. அதேதான்."

அந்த "ஆமா, அதேதான்" வராமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. இத்தனை காலம் ஒருவர் சொல்லாத குற்றச்சாட்டுக்கு இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். "எப்பவும்", "ஒரு நாளும்" போன்ற சொற்கள் வரும்போது மட்டும் நான் குறுக்கிடுவேன். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லப்பட்டவர், தான் அப்படி இல்லாத ஒரே ஒரு நாளைத் தேடப் போய்விடுவார். பேச்சு அங்கேயே திசைமாறும்.

மௌனத்தையும் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். நடுவில் இருப்பவருக்கு அந்தச் சங்கடம் தாங்காமல் ஏதாவது பேசி நிரப்பத் தோன்றும். பேசாமல் இருந்தால் இருவரில் ஒருவர் பேசுவார், அது பெரும்பாலும் உபயோகமானதாக இருக்கும்.

இவ்வளவு முற்றுவதற்கு முன்பே கவனிக்க முடியாதா? முடியும். ஃபிரீட்ரிச் கிளாசல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் மோதல் முற்றுவதை ஒன்பது படிகளாகப் பிரித்தார். முதல் மூன்று படிகளில் இருவருமே ஜெயிக்க வழி இருக்கிறது, நடு மூன்றில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்பார், கடைசி மூன்றில் இருவருக்கும் தோல்விதான். நான் அலுவலகத்தில் உற்றுப் பார்ப்பது மூன்றாவது, நான்காவது படிகளை. மூன்றில் பேச்சு நின்று செயலில் காட்ட ஆரம்பிப்பார்கள்: தகவல் சொல்லாமல் விடுவது, மீட்டிங்குக்கு வராமல் இருப்பது. நான்கில் ஆள் சேர்ப்பார்கள். மதிய இடைவேளையில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பது திடீரென்று மாறினால் எனக்குப் புரிந்துவிடும். அந்தக் கட்டத்துக்கு வந்தபின் "அவங்களே பேசித் தீர்த்துக்குவாங்க" என்று விடுவது வீண். மூன்றாம் ஆள் தேவை.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் மெயிலிலோ குரூப்பிலோதான் பற்றிக்கொண்டன. 2005-இல் ஜஸ்டின் குரூகரும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். கிண்டலாகச் சில வாக்கியங்களையும் சீரியஸாகச் சில வாக்கியங்களையும் அனுப்ப வேண்டும். பெறுபவர் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மெயிலில் அனுப்பினாலும் குரலில் சொன்னாலும் சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய 73 சதவீதம் கண்டுபிடித்தார்கள். மெயிலில் படித்தவர்கள் 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 வரும்! நாம் எழுதும்போது நம் குரல் நமக்குக் கேட்கிறது, படிப்பவருக்குக் கேட்பதில்லை.

"தகவலுக்காக" என்று நீங்கள் சாதாரணமாக மேனேஜருக்கு சிசி போட்டது, அந்தப் பக்கம் போட்டுக்கொடுத்ததாகப் போய்ச் சேரும். "முன்பே கூறியபடி" என்று ஆரம்பிக்கும் மெயிலை யாரும் நல்லபடியாக வாசித்து நான் பார்த்ததில்லை. என் பழக்கம் இதுதான்: ஒரே விஷயத்தில் இரண்டாவது மறுப்பு மெயில் வந்தால் மூன்றாவதை எழுத மாட்டேன், போன் செய்வேன் அல்லது எழுந்து போவேன். பேசி முடித்தபின், "இப்போது பேசியதன்படி இதைச் செய்கிறோம்" என்று இரண்டு வரி மெயில். ஆதாரமும் இருக்கும், காரமும் இருக்காது. ராத்திரியில் எழுதிய பதிலைக் காலையில் அனுப்புவேன். பெறுநர் கட்டத்தைக் காலியாக விட்டுத்தான் எழுதவே ஆரம்பிப்பேன். கை தவறி அனுப்பிவிடும் ஆபத்து இல்லை.

எல்லா உரசலையும் தீர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974-இல் வெளியிட்ட, இன்றும் பயிற்சி வகுப்புகளில் ஓடும் வினாத்தாளில் ஐந்து அணுகுமுறைகள் உண்டு: போட்டியிடுவது, ஒத்துழைப்பது, சமரசம், விட்டுக்கொடுப்பது, தவிர்ப்பது. தவிர்ப்பதும் அதில் ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஏ.சி.யின் அளவு, யார் சத்தமாகப் போன் பேசுகிறார் போன்றவற்றுக்கெல்லாம் மீட்டிங் போட்டால் சின்ன விஷயம் பெரிதாகும். என் அளவுகோல் எளிது: அடுத்த மாதமும் இதே விஷயம் திரும்பி வருமா? வரும் என்றால் பேசுவேன். வராது என்றால் விட்டுவிடுவேன்.

வேலை பற்றிய கருத்து வேறுபாடு நல்லது, ஆள் பற்றிய வெறுப்புதான் கெட்டது என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2003-இல் டி ட்ரூவும் வைன்கார்ட்டும் அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு வகை மோதலுமே குழுவின் செயல்திறன் குறைவதோடு தொடர்புடையதாகத்தான் தெரிந்தது. காரணம் அலுவலகத்தில் இருப்பவர்களுக்குப் புரியும். "இந்த வடிவமைப்பு ஓடாது" என்று நீங்கள் சொன்னது, அதை ராத்திரி கண்விழித்துச் செய்தவருக்கு "நீ உருப்படமாட்டாய்" என்றுதான் கேட்கிறது. அதனால் மறுப்புச் சொல்லும்போது எந்த இடம், என்ன ஆகும், வேறு என்ன செய்யலாம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லப் பழகிக்கொண்டேன்.

மோதல் மேலதிகாரியோடு என்றால் கதை வேறு. சமமானவர்கள் உட்கார்ந்து பேசுவது போல் இது நடக்காது. நாலு பேர் முன்னால் மறுத்தால், நீங்கள் சொல்வது சரியாகவே இருந்தாலும் அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். தனியாகப் போய், "நீங்க சொன்ன ரெண்டு வேலையும் இந்த வாரத்துக்குள்ள முடியாது, எதை முதல்ல முடிக்கட்டும்?" என்று தேர்வை அவரிடமே கொடுத்தால், முடியாது என்பதையும் சொன்னதாகிறது, அவர் அதிகாரமும் அவரிடமே இருக்கிறது. வந்த பதிலை மெயிலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்ன எதுவும் பொருந்தாத ஓர் இடம் உண்டு. ஒருவர் இன்னொருவரைத் திட்டமிட்டு அவமானப்படுத்துவது, மிரட்டுவது, பாலியல் ரீதியாகத் தொந்தரவு செய்வது, பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவது. இவற்றை "ரெண்டு பேருக்குள்ள மனஸ்தாபம்" என்று சொல்லிச் சமரசம் பேச உட்காருவது பெரிய அநியாயம். பாதிக்கப்பட்டவரிடம் 'எதிராளியின் பக்கத்தைத் திருப்பிச் சொல்லு' என்று கேட்க முடியுமா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்று, 2021-இல் நடைமுறைக்கு வந்த 190-ஆவது உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது வன்முறையாகவோ துன்புறுத்தலாகவோ ஆகலாம் என்கிறது. அங்கே செய்ய வேண்டியது முறையான புகார். தேதி, நேரம், சொன்ன சொற்கள் அப்படியே, யார் யார் இருந்தார்கள் என்பதை அன்றன்றைக்கே, அலுவலகக் கணினியில் இல்லாமல் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்வேன். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதற்கும் இதற்கும் விசாரணையில் நிறைய வித்தியாசம்.

விற்பனை அதிகாரியும் டிஸ்பாட்ச் பொறுப்பாளரும் நண்பர்கள் ஆனார்களா என்று கேட்பார்கள். ஆகவில்லை. அது என் இலக்கும் இல்லை. போன் செய்துகொண்டார்கள், "முடியாது" என்ற பதிலை முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள். முதல் மாதக் கடைசியில் ஒரு தடவை ஷீட்டைத் தாண்டி ஒரு ஆர்டரை நுழைக்கப் பார்த்தார் விற்பனை அதிகாரி. அதை எதிர்பார்த்துத்தான் அந்த வாரம் மறுபடி உட்காருவதாக முன்கூட்டியே தேதி குறித்து வைத்திருந்தோம். பத்து நிமிடத்தில் முடிந்தது. ஏற்பாடு செய்துவிட்டு அப்படியே போய்விடக் கூடாது. நெருக்கடி வரும் நாளைக் கணக்குப் போட்டு அதை ஒட்டி ஒரு சந்திப்பை அன்றே குறித்துவிட வேண்டும்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லவில்லை. நடுவில் நடந்துகொண்டிருந்த அந்த ஜூனியர் பையன். சண்டையில் இல்லாமலே சண்டையில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் தன் பக்கத்து நியாயத்தை அவர்களிடம்தான் கொட்டுவார்கள். தலையாட்டினால் ஒரு பக்கம் சேர்ந்ததாக ஆகும், ஆட்டாவிட்டால் எதிர்ப் பக்கம். என்னிடம் யாராவது அப்படி வந்தால் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை அவர்கிட்ட சொன்னீங்களா?" என்பேன். இல்லை என்பார்கள். "நானும் கூட வரட்டுமா, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லலாம்?" என்று கேட்பேன். சிலர் சரி என்று எழுந்திருப்பார்கள். மற்றவர்கள், "வேண்டாம் சார், சும்மா சொன்னேன்" என்று தங்கள் மேசைக்குப் போய்விடுவார்கள். பையனுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன், கொஞ்சம் மாற்றி: "சார், எனக்கு இது சரியாச் சொல்ல வராது, நீங்களே ஒரு போன் போட்டுடுங்களேன்." ஜூனியர் சொன்னால் அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.